மெக்கட்சனை அனுப்பியது தவறா, அனுப்பிய பிறகு நடந்ததா?

அலெகெனிக்கரை:
ஆண்ட்ரூ மெக்கட்சன் பேச்சை எடுத்தாலே, அமெரிக்க பேஸ்பால் அணியான பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் ரசிகர்கள், 2018 ஜனவரியில் அவரை வேறு அணிக்கு அனுப்பியதைத் துரோகம் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அப்போது அவருக்கு வயது 31. ஒப்பந்தத்தில் மிச்சம் ஒரே சீசன், சம்பளம் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர். முந்தைய சீசனில் அணி 75 ஆட்டம் ஜெயித்து 87 தோற்றது. வைத்திருந்தால் அந்த ஆண்டு முடிந்ததும் எந்த அணியிலும் சேரக்கூடிய ஃப்ரீ ஏஜென்டாகக் கிளம்பியிருப்பார். சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அவருக்கு ஈடாகக் கைல் கிரிக் என்ற ரிலீஃப் பிட்சரையும் (ஆட்டத்தின் நடுவில் வந்து பந்து வீசுபவர்), கீழ்நிலை லீக்கான மைனர் லீக்கில் ஆடிக்கொண்டிருந்த பிரையன் ரெனால்ட்ஸையும் கொடுத்தது. ரெனால்ட்ஸ் 2019-இல் முதல் சீசனிலேயே .314 என்ற உயர்ந்த பேட்டிங் சராசரியோடு அடித்தார், 2021-இல் ஆல் ஸ்டார் (லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர்) ஆனார். இதைவிட என்ன வேண்டும்?

கருப்பும்பொன்னும்:
நண்பரே, உங்கள் கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கு ஜனவரி 15-இல் ஆரம்பிக்கிறது. என்னுடையது 1993-இல் ஆரம்பிக்கிறது. 20 சீசன் வரிசையாக, ஜெயித்த ஆட்டத்தைவிடத் தோற்ற ஆட்டம் அதிகம். 2013-இல் அது முடிந்தது, அந்த ஆண்டு நேஷனல் லீக்கின் எம்விபி (மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது) மெக்கட்சன்.

அந்த ஆண்டின் வைல்ட் கார்டு இரவை, அதாவது தோற்றால் சீசனே முடியும் ஒற்றை ஆட்டத்தை, நினைத்துப் பாருங்கள். பைரேட்ஸின் சொந்த அரங்கமான பிஎன்சி பார்க்கில் கருப்புச் சட்டையோடு நாற்பதாயிரம் பேர் சின்சினாட்டி பிட்சர் கியூட்டோவின் பெயரை இழுத்து இழுத்துக் கத்துகிறார்கள். பந்து அவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுகிறது. அடுத்த பந்தை பைரேட்ஸின் ரஸ்ஸல் மார்ட்டின் ஹோம் ரன் அடிக்கிறார். இருபது வருடம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்தச் சத்தத்தில் இருந்தது. அந்த இடத்துக்குக் கூட்டிவந்தவரை விற்ற கையோடு, அணி இன்னும் போட்டியில் இருக்கிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? மெக்கட்சனை விற்றதற்கு இரண்டு நாள் முன்னால்தான் பிட்சர் கெரிட் கோலை ஹூஸ்டனுக்கு அனுப்பியிருந்தார்கள். ஜெயிக்கும் எண்ணம் இல்லையென்றால் என்னையும் அனுப்பிவிடுங்கள் என்று சக ஆட்டக்காரர் ஜாஷ் ஹாரிசன் வெளிப்படையாகவே கேட்டார். அணிக்குள் இருப்பவருக்கே நம்பிக்கை போய்விட்டது.

ஸ்கோர்புத்தகம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். மெக்கட்சன் போனபின் வெளிக்களத்தை எப்படி நிரப்பினார்கள் என்பதையும் பேச வேண்டும். மார்ட்டே நடுக்களத்துக்கு (சென்டர்) வந்தார், பொலாங்கோ வலப்பக்கம் (ரைட்). இடப்பக்கம் (லெஃப்ட்) ஆள் இல்லை. பிப்ரவரியில் டாம்பா பே, கோரி டிக்கர்சனைப் பட்டியலிலிருந்து விலக்கியது. முந்தைய ஆண்டின் ஆல் ஸ்டார் அவர். பைரேட்ஸ் பிட்சர் டேனியல் ஹட்சனைக் கொடுத்து அவரை வாங்கியது, அந்த சீசனிலேயே அவருக்கு கோல்ட் குளோவ் (சிறந்த ஃபீல்டிங் விருது) கிடைத்தது. அந்த ஆஃப்சீசனின் மிகச் சிறந்த முடிவு இதுதான் என்பேன். 2018-இல் அணி 82 வென்று 79 தோற்றது.

கருப்பும்பொன்னும்:
அப்படியானால் கூட்டம் ஏன் வரவில்லை? 2017-இல் தோற்ற அணியைப் பார்க்க 19 லட்சம் பேர் வந்தார்கள். 2018-இல் ஜெயித்த அணிக்கு 15 லட்சம்கூட வரவில்லை. உரிமையாளர் நட்டிங் அணியை விற்க வேண்டும் என்று ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். லீக் அணிகளுக்குள் பகிரும் வருவாய்ப் பகிர்வுப் பணத்தை ஆட்டக்காரர்களுக்குச் செலவழிக்கவில்லை என்று ஆட்டக்காரர் சங்கமே பைரேட்ஸ் உட்பட நான்கு அணிகள் மேல் புகார் கொடுத்தது. மே மாதம் மெக்கட்சன் ஜயன்ட்ஸ் உடையில் திரும்பி வந்தபோது மொத்த அரங்கமும் எழுந்து நின்று கைதட்டியது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றி உயர்த்தினார். எதிரணிக்காரருக்கு யாராவது இப்படி எழுந்து நிற்பார்களா?

அலெகெனிக்கரை:
அந்தக் காட்சி எனக்கும் தொண்டையை அடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஜனவரியில் நீங்கள் ஜெனரல் மேனேஜர் நாற்காலியில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

கருப்பும்பொன்னும்:
ஜூலை வரை வைத்திருப்பேன். அணி தேறினால் அவரோடு சேர்ந்து போராடுவேன். தேறாவிட்டால் அப்போது விற்பேன்.

அலெகெனிக்கரை:
ஜயன்ட்ஸ் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தது. ஆகஸ்ட் 31 அன்று அவரை யாங்கீஸுக்கு அனுப்பி இரண்டு மைனர் லீக் ஆட்டக்காரர்களை வாங்கியது. இருவருமே பெரிய லீக்கில் நிலைக்கவில்லை. காத்திருந்தால் பைரேட்ஸுக்கு ரெனால்ட்ஸ் கிடைத்திருக்க மாட்டார்.

என் கோபமெல்லாம் அதே ஆண்டின் ஜூலை 31 மேல்தான். டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், ஷேன் பாஸ் என்ற மூன்று இளம் ஆட்டக்காரர்களையும் கொடுத்து டாம்பா பேயிடமிருந்து பிட்சர் கிறிஸ் ஆர்ச்சரை வாங்கினார்கள். மெடோஸ் மறு ஆண்டே 33 ஹோம் ரன் அடித்து ஆல் ஸ்டார். பிட்ஸ்பர்க்கில் அந்த ஆண்டு ஆர்ச்சரின் ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்சர் விட்டுக்கொடுக்கும் ரன் சராசரி) ஐந்தைத் தாண்டியது. ஜனவரியில் எதிர்காலத்துக்கென்று சேர்த்ததை ஜூலையில் ஒரே கையால் வாரி இறைத்துவிட்டார்கள். 2019-இல் 93 தோல்வி.

கருப்பும்பொன்னும்:
சரி, யாங்கீஸ் விஷயத்தில் உங்கள் வாதம் வலுவானது, ஏற்கிறேன். ஜூலை யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் கோல்? அவருக்கு இன்னும் இரண்டு சீசன் பாக்கி இருந்தது. 2019-இல் ஹூஸ்டனுக்கு 20 வெற்றி, 326 ஸ்ட்ரைக்கவுட் (பேட்டரை அடிக்க விடாமல் வெளியேற்றுவது). அவருக்கு ஈடாக மஸ்கிரோவ், மோரன், ஃபெலிஸ், ஜேசன் மார்ட்டின் என்று நால்வரை வாங்கினார்கள். அதில் உருப்படியான பிட்சர் மஸ்கிரோவ், அவரையும் பிறகு விற்றார்கள். அவர் 2021-இல் சான் டியேகோவுக்கு அந்த அணியின் வரலாற்றிலேயே முதல் நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்) வீசினார். மெக்கட்சனுக்கு நீங்கள் சொல்லும் நியாயத்தை கோலுக்கும் சொல்ல முடியுமா?

அலெகெனிக்கரை:
முடியாது. கோலை நான் விற்றிருக்க மாட்டேன்.