ஃபிலிபஸ்டர்: ‘பேச்சுமுடக்கம்’ சரிவருமா?

நண்பர்களே,

அமெரிக்காவின் 1964 குடிமை உரிமைகள் சட்டம் குறித்த கட்டுரைக்கு ‘ஃபிலிபஸ்டர்’ என்பதற்கு ஒரு சொல் தேவை. செனட்டில் ஓர் உறுப்பினர் பேசத் தொடங்கினால் நேர வரம்பு கிடையாது. தென்மாநில உறுப்பினர்கள் மாறிமாறிப் பேசியே வாக்கெடுப்பை வரவிடாமல் தடுத்தார்கள். ‘பேச்சுமுடக்கம்’ என்று வைக்கலாமா?

*

> ‘பேச்சுமுடக்கம்’ என்று வைக்கலாமா?

வேண்டாம். யாருடைய வாயையோ அடைத்துவிட்டார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். இங்கே பேச்சு கருவி, முடங்குவது மசோதா. ‘பேசி முடக்கல்’ எனலாம்.

‘காலங்கடத்தல்’ என்று யாரும் கிளம்புவதற்குள்: அது மிகவும் பொதுவான சொல். மசோதாவைக் குழுவில் கிடப்பில் போடுவதும் காலங்கடத்தல்தான். மசோதாவை எதிர்த்த ஈஸ்ட்லாண்ட் தலைமையிலான நீதிக் குழுவில் அந்தக் கதி நேராமலிருக்கத்தான் செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் மான்ஸ்ஃபீல்டு 1964 மசோதாவை அங்கே அனுப்பாமல் நேரே அவைப் பட்டியலில் சேர்த்தார்.

*

1957இல் வேறொரு குடிமை உரிமை மசோதாவை எதிர்த்து செனட்டர் தர்மண்ட் தனியாளாக 24 மணி 18 நிமிடம் பேசியதற்கு ‘பேசி முடக்கல்’ கச்சிதம் (மசோதா முடங்கவில்லை என்பது வேறு!). 1964இல் பேச்சு பாதி வேலைதான். தென்மாநில அணியின் தலைவர் ரஸ்ஸல் தம் அணியினர் 18 பேரை ஆறாறு பேராகப் பிரித்து முறைவைத்துப் பேசவைத்தார். நடுநடுவே குறைவெண் (கோரம்) கணக்கெடுப்புக் கோருவார்கள். அவையில் 51 பேர் தேறாவிட்டால் ஒத்திவைக்க வேண்டியதுதான். ஒத்திவைத்தால் புதிய அலுவல் நாள் பிறக்கும். ஒரே அலுவல் நாளில் ஒரு பொருள்மீது இரண்டு முறைதான் பேசலாம் என்ற கணக்கும் முதலிலிருந்து தொடங்கும். அதனால்தான் மசோதாவை அவையில் வழிநடத்திய ஹம்ஃப்ரி தம் பக்கத்தவர்களை முறைப்பட்டியல் போட்டு அவைக்கு வரவழைத்தார். ஆனாலும் எல்லாம் பேச்சை நீட்டுவதற்கான துணை உத்திகளே என்பதால் ‘பேசி முடக்கல்’ எனக்கும் சம்மதம்.

கட்டுரை வரைவில் ‘குளோச்சர்’ (பேசி முடக்கலை முறியடிக்க அவை வாக்களித்து எடுக்கும் முடிவு) என்பதற்கு ‘விவாத முடிப்பு’ என்று இருக்கிறது. அது பிழை. 1964 ஜூன் 10 அன்று 71–29 என்று அது நிறைவேறிய பிறகும் ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம் மிச்சமிருந்தது. மசோதா 73–27 என்று நிறைவேறியது ஜூன் 19இல்தான். ‘விவாத வரம்பிடல்’ என்று மாற்றுங்கள்.

அதே பத்தியில் ‘60 வாக்குகள் தேவை’ என்பதையும் நீக்குங்கள். 60 என்பது 1975 திருத்தத்தில் வந்தது. அன்றைய விதி, வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு. நூறு பேரும் வந்திருந்ததால் 67.