தொடையில் இரண்டு ஆழ்சிரைகளா?

யாங்கோன் செல்வி:
அம்மாவுக்கு இடது கால் மட்டும் வீக்கம். ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் ரத்தக்கட்டு இல்லையாம். ஆனால் தொடையின் ஆழ்சிரை, அதாவது தசைக்குள்ளே ஓடும் சிரை, இரண்டாக ஓடுகிறதாம். பிறவிக் கோளாறா? அம்மா அதற்குள் பீலிக்கான் கோயில் முனீஸ்வரருக்கு நேர்ந்துகொண்டார்.

மோல்மேன் ஸ்கேன்காரர்:
கோளாறு இல்லைம்மா. தொடையிலும் முழங்காலுக்குப் பின்னாலும் இரட்டைச் சிரையை அடிக்கடி பார்க்கிறேன். கெண்டைக்காலில் எல்லாருக்குமே தமனிக்கு இருபுறமும் சிரைகள் ஜோடியாகத்தான் போகும். வம்பு வேறு இடத்தில்: ஒன்றில் ரத்தம் உறைந்து, ஸ்கேன் கருவியால் அழுத்தினாலும் அமுங்காமல் இருக்கும்; மற்றது நன்றாக அமுங்கும். அமுங்கியதை மட்டும் பார்த்துவிட்டு ‘கட்டு இல்லை’ என்று எழுதிவிடுவதுண்டு. இரண்டையும் அழுத்திப் பார்த்தார்களா?

தட்டோன் தம்பி:
இடது கால் என்றால் இடுப்புக்குள்ளும் பார்க்கச் சொல்லுங்கள் அக்கா. அங்கே வலது காலுக்குப் போகும் தமனி, இடது காலிலிருந்து வரும் சிரையைக் குறுக்கே அழுத்தலாம்.

செல்வி:
ரிப்போர்ட்டில் ஒன்றைப் பற்றித்தான் இருக்கிறது அண்ணே. இன்றைக்கே மறுபடி கூட்டிப்போகிறேன்.