தீம் பார்க் உணவகங்களில் நிலக்கடலை, இறால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு எதை நம்பி வாங்கிக் கொடுப்பது?

கேள்வி: கீழக்கரையிலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் ஸலாமும் வணக்கமும்.

எட்டு வயதான என் மகனுக்கு நிலக்கடலையும், இறால், நண்டு வகைகளும் ஒத்துக்கொள்ளாது. மதுரையில் ஒவ்வாமை மருத்துவரிடம் காட்டி, தோல் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் செய்து இதை உறுதிப்படுத்திக்கொண்டோம். மீன், முட்டை, பால் ஆகியவற்றுக்குத் தடையில்லை. கடற்கரையில் குடியிருந்துகொண்டு இறாலை விலக்கி வாழ்வது கடினம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். ஊருக்குள் எங்களுக்கு அவ்வளவு சிரமம் இல்லை என்பதே உண்மை. மாமியார் வீட்டில் இவனுக்கென்று தனிச் சட்டியும் தனி அகப்பையும் உண்டு. கல்யாண வீடாக இருந்தால், சமைக்க வரும் பண்டாரியிடம் முதல் நாளே சொல்லிவிடுவோம். அவரும் கூனிப்பொடி (காய்ந்த சின்ன இறால் பொடி) சேராத கறியை முதலில் எடுத்து மூடி வைத்துவிடுவார். சமைக்கும் கை தெரிந்த கை என்பதால் கவலை இல்லை.

இப்போது அரையாண்டு விடுமுறைக்குத் துபாய்க்கு வரும்படி என் கணவர் அழைத்திருக்கிறார். ஜபல் அலி பக்கம் உள்ள லெகோலாண்ட், மோஷன்கேட் பூங்காக்களுக்கும், குளிர்காலம் என்பதால் குளோபல் வில்லேஜுக்கும் போவதாகப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார். காலையில் உள்ளே நுழைந்தால் இருட்டிய பிறகுதான் வெளியே வருவோம் என்னும்போது, நாள் முழுவதும் முன்பின் தெரியாதவர்கள் சமைத்ததை எந்த நம்பிக்கையில் ஊட்டுவது? உணவுப் பட்டியலில் போட்டிருக்கும் ஒவ்வாமைக் குறியீடுகளை அப்படியே நம்பலாமா? வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுபோக விடுவார்களா? மகனைத் தங்கையோடு வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். அதற்கு எனக்கு மனமில்லை. அவனும் மற்றப் பிள்ளைகளைப் போலப் போய்வர வேண்டும்.

பதில் 1: தேவிபட்டினத்துச் சமையல்காரர், வளைகுடாவிலிருந்து

சகோதரிக்கு வணக்கம். வளைகுடா நாடுகளில் ஓட்டல் சமையலறைகளிலேயே என் வேலைக்காலம் பெரும்பாலும் கழிந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

தெருவோரச் சிறு கடையைவிடப் பெரிய பூங்காவின் உணவகம் உங்களுக்கு ஒரு வகையில் எளிதானது. அங்கே மசாலா தடவிய கோழித் துண்டு, பன், சாஸ், கேக் போன்றவை பெரும்பாலும் பொட்டலமாகவோ வாளியாகவோ வெளியிலிருந்து வருகின்றன. ஒவ்வொன்றின் உறையிலும் சேர்மானப் பட்டியல் அச்சிடப்பட்டிருக்கும். அந்த உறையைக் காட்டும்படி நீங்கள் கேட்கலாம். கேட்பதில் கூச்சமே வேண்டாம். நம் ஊர்ப் பரோட்டாக் கடைச் சால்னாவில் அன்றைக்கு முந்திரி அரைத்துவிட்டார்களா, விலை கருதி நிலக்கடலை அரைத்துவிட்டார்களா என்பது மாஸ்டருக்கு மட்டுமே தெரியும். அங்கே அப்படிச் செய்ய முடியாது.

ஆனால் பொருளில் இல்லாதது பாத்திரத்தில் வந்து சேரும். ஃப்ரையர் என்னும் பொரிக்கும் தொட்டியை அருகில் நின்று பார்த்தால் இது விளங்கும். ஒரே எண்ணெயில் இரண்டு கம்பிக் கூடைகள் தொங்கும். ஒன்றில் உருளைக்கிழங்கு வேகும், மற்றதில் மாவில் தோய்த்த இறால் வேகும். கூடை வேறு என்பதால் உருளைக்கிழங்கில் இறால் இல்லை என்று கவுண்டரில் நிற்கும் பிள்ளை மனதாரச் சொல்லும். அதே நேரத்தில் இறாலிலிருந்து உதிர்ந்த மாவுத் துணுக்குகள் அந்த எண்ணெயில் சுற்றிச் சுற்றி வந்து கிழங்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். இறாலில் ஒவ்வாமையைக் கிளப்பும் ட்ரோபோமயோசின் என்ற புரதம் சூட்டில் அழிவதில்லை. ஆகவே "இதில் இறால் இருக்கிறதா?" என்று கேட்பதைவிட, "இந்த எண்ணெயில் வேறு என்னென்ன பொரிக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். கல்லில் வாட்டும் கோழிக்கும் இதே கேள்விதான். கழுவிய தனிச் சட்டியில் வாட்டித் தரச் சொன்னால், நேரம் இருக்கும்போது எந்தச் சமையல்காரரும் மறுக்க மாட்டார்.

நேரம் இருக்கும்போது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பகல் ஒரு மணிக்கு வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது, நல்ல மனம் படைத்த சமையல்காரரும் ஒரே கரண்டியை இரண்டு சட்டிகளில் விட்டுவிடுவார். பதினொன்றரை மணிக்குள் போங்கள். முடியாவிட்டால் மூன்று மணிக்கு மேல் போங்கள். பணம் வாங்குபவரிடம் சொன்னதோடு நிறுத்தாமல், சமையலறைப் பொறுப்பாளரை வெளியே அழைத்து அவரிடமே நேரில் சொல்லுங்கள். அவர் "இருக்காது" என்று சொன்னால் அதை "இல்லை" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தெரிந்தவர் "இல்லை" என்பார், அல்லது "பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று உள்ளே போவார். மழுப்பலாகப் பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

எடுத்துப் போட்டுச் சாப்பிடும் பஃபே வேண்டாம். கரண்டிகளை இடம் மாற்றுவது சமையல்காரர்கள் அல்ல, சாப்பிட வருபவர்கள். அதை யாராலும் காவல் காக்க முடியாது. குளோபல் வில்லேஜைப் பூங்கா என்று எண்ணாமல் பெரிய திருவிழாக் கடைத்தெருவாகவே எண்ணுங்கள். கொட்டைப் பருப்பு வகைகளைத் திறந்த கூடைகளில் குவித்து அள்ளி விற்பார்கள். குனாஃபா, பக்லாவா என்னும் இனிப்புகளில் பிஸ்தாவையும் வாதுமையையும் தூவுவார்கள். அங்கே போகும் மாலையில் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுச் செல்லுங்கள்.

பதில் 2: ராமநாதபுரத்திலிருந்து ஒரு செவிலியர்

உணவைப் பற்றி மேலே நன்றாகவே சொல்லிவிட்டார்கள். மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது மீதமிருக்கிறது.

ஒவ்வாமை கடுமையாகும்போது உயிரைக் காப்பது அட்ரினலின் ஊசி. செட்ரிசின் போன்ற மாத்திரைகள் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும்; மூச்சுத்திணறலையும் இரத்த அழுத்த வீழ்ச்சியையும் அவை தடுக்காது. மாத்திரை கொடுத்துவிட்டு "பார்ப்போம்" என்று காத்திருந்து நேரத்தை இழப்பதுதான் ஆபத்தான செயல். தொடையின் வெளிப்புறத்தில் நாமே குத்திக்கொள்ளும் பேனா வடிவ அட்ரினலின் நம் ஊர் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆம்பூல் என்னும் சிறு கண்ணாடிக் குப்பி மருந்தும் சிரிஞ்சும்தான் கிடைக்கும். மகனின் எடைக்கு உரிய அளவை உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கி, ஊசி போடும் முறையையும் அவரிடமே பழகிக்கொள்ளுங்கள். துபாயில் பேனா வாங்க என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் கணவர் அங்குள்ள மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைக்கட்டும். விமானத்தில் மருந்தைக் கைப்பையில் மருத்துவர் சீட்டுடன் கொண்டு செல்லுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் அதை விட வேண்டாம். பனிக்கட்டியோடு ஒட்டியும் வைக்க வேண்டாம். 20 முதல் 25 டிகிரி வரையிலான சூடே அதற்கு ஏற்றது.

தீம் பார்க்குக்கே உரிய இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது லாக்கர். ராட்டினங்களில் ஏறும்போது பைகளை லாக்கரில் வைக்கச் சொல்வார்கள். தண்ணீர் விளையாட்டுகளிலோ எல்லாவற்றையுமே வைத்துவிடுவோம். மருந்துப் பை மட்டும் லாக்கருக்குள் போகக்கூடாது. பெரியவர்களில் ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, பையன் இறங்கும் வாசலில் நிற்க வேண்டும்.

இரண்டாவதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். ராட்டினத்தில் இருந்து இறங்கிய பிள்ளை வாந்தி எடுத்தால், தலைசுற்றல் என்று யாரும் நினைப்பார்கள். முகம் சிவந்திருந்தால் வெயில் என்பார்கள். கடலை உள்ளே போயிருந்தால் வருகிற முதல் அறிகுறிகளும் இவையாகவே இருக்கலாம். அதனால் சாப்பிட்டவுடன் ராட்டினத்துக்கு ஓட விடாதீர்கள். பெரும்பாலான எதிர்வினைகள் சில நிமிடங்களிலும், ஏறத்தாழ எல்லாமே இரண்டு மணி நேரத்துக்குள்ளும் தொடங்கிவிடும். முதல் அரை மணி நேரமாவது நிழலில் உட்கார வைத்து, பிறகு மெதுவான விளையாட்டுகளுக்கு அழைத்துச் செல்லுங்கள். உதடு வீங்கினாலோ, குரல் கம்மினாலோ, இருமல் விடாமல் வந்தாலோ, தடிப்போடு வாந்தியும் சேர்ந்தாலோ உடனே ஊசியைப் போட்டு, கால்களை உயர்த்திப் படுக்க வையுங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரலாம். எழுந்து நடக்க விடக்கூடாது. பிறகு ஆம்புலன்சை அழையுங்கள். அமீரகத்தில் 998, இங்கே 108. ஊசி போட்டதும் பிள்ளை தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் திரும்ப வருவதுண்டு.

பதில் 3: பாம்பனிலிருந்து இன்னொரு தாய்

அக்கா, என் மகளுக்கு முட்டையும் நிலக்கடலையும் ஆகாது. சமையல்கார அண்ணன் சொன்னவை சரியே என்றாலும், சூடான உணவை வெளியில் வாங்கும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை. நம் பக்கத்துப் பூங்காக்களின் அனுபவத்தைச் சொல்கிறேன்.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிகளின்படி, மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்களும் தங்கள் உணவுப் பட்டியலில் ஒவ்வாமைப் பொருள்களைக் குறிப்பிட வேண்டும். குளூட்டன் உள்ள தானியங்கள், இறால் வகை, பால், முட்டை, மீன், கடலை மற்றும் கொட்டைப் பருப்புகள், சோயா, சல்ஃபைட் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன, எள் இல்லை. அமெரிக்காவில் 2023 முதல் எள்ளையும் சேர்த்திருக்கிறார்கள். இட்லிப்பொடியும் நல்லெண்ணெயும் இல்லாமல் சாப்பிடாத நம் ஊரில் அது விடுபட்டிருப்பது எனக்கு வருத்தமே. ஒற்றைக் கடையாக நடக்கும் பூங்கா உணவகம் பெரும்பாலும் இந்த விதிக்குள் வராது. அங்கே புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு எல்லாவற்றிலும் கடலை கிடக்கும். "கடலையைப் பொறுக்கிப் போட்டுவிட்டுத் தருகிறோம்" என்று அன்பாகச் சொல்வார்கள். தாளித்த எண்ணெயிலேயே கடலை ஊறியிருப்பது அவர்களுக்குத் தோன்றாது. மரச்செக்குக் கடலை எண்ணெயில் புரதம் தங்கும் என்பதால், என்ன எண்ணெய் என்றும் கேளுங்கள்.

ஐஸ்கிரீம் கடையில் கரண்டியைப் பாருங்கள். ஒரு தம்ளர் தண்ணீரில் எல்லாக் கரண்டிகளும் நிற்கும். அந்தத் தண்ணீரின் அடியில் முந்திரித் தூளும் கடலைத் தூளும் படிந்திருக்கும். உறையோடு விற்கும் குச்சி ஐஸை வாங்கி, உறையைப் படித்துவிட்டுக் கொடுப்பதே என் வழக்கம்.

வீட்டுச் சாப்பாட்டைப் பொறுத்தவரை, "வெளி உணவுக்கு அனுமதியில்லை" என்ற பலகையைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். ஒரு பூங்காவின் வாசலில் காவலர் எங்கள் டிபன் பாக்ஸை வாங்கி வைத்துக்கொண்டார். மருத்துவரின் கடிதத்தைக் காட்டி மேலாளரை அழைக்கச் சொன்ன பிறகே திருப்பிக் கொடுத்தார்கள். அதிலிருந்து, போவதற்கு முன்பே பூங்காவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, வந்த பதிலைக் கைபேசியில் வைத்துக்கொள்கிறேன். துபாயிலும் அதையே செய்யுங்கள், அக்கா.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. சாப்பிட்டவுடன் ராட்டினம் வேண்டாம் என்ற செய்தி ஒன்றுக்காகவே இங்கே கேட்டது நல்லதாயிற்று. எங்கள் மருத்துவரும் இதைச் சொல்லவில்லை. பூங்காக்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும்படி கணவரிடம் சொல்லிவிட்டேன். பகல் உணவைக் காலையிலேயே கட்டி எடுத்துக்கொண்டு, மாலையில் மட்டும் பொறுப்பாளரிடம் பேசி ஏதாவது வாங்கலாம் என்று எண்ணியிருக்கிறோம். பிள்ளைக்கும் வெளியில் ஒருவேளை சாப்பிட்ட மகிழ்ச்சி வேண்டுமல்லவா? ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. எனக்கு ஆங்கிலம் ஓரளவே வரும், கணவரும் எப்போதும் உடன் இருக்க முடியாது. சமையலறையில் இருப்பவர்களிடம் எந்த மொழியில் சொல்வது?

பதில் 4: தேவிபட்டினத்துச் சமையல்காரர்

பாம்பன் தங்கச்சியின் அச்சம் நியாயமானது. பகலில் வீட்டு உணவு, மாலையில் கேட்டு வாங்குவது என்ற உங்கள் ஏற்பாடும் நல்ல ஏற்பாடு.

இங்கே அடுப்படியில் மலையாளிகளும், இந்தி பேசுபவர்களும், நேபாளிகளும், பிலிப்பைன்ஸ்காரர்களும் இருப்பார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் எதிர்பாராத இடத்தில் இருப்பார்கள், "தமிழ் தெரிந்தவர் உள்ளே இருக்கிறாரா?" என்று கேட்கத் தயங்காதீர்கள். ஆனாலும் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல் ஒரு அட்டை செய்துகொள்ளுங்கள். ஆங்கிலம், அரபு, இந்தி மூன்றிலும் எழுதி, நிலக்கடலை, இறால், நண்டு மூன்றின் படங்களையும் மேலே குறுக்குக்கோடு போட்டு அச்சிடுங்கள். வளைகுடா அரபியில் இறாலை ருபியான் என்றும் நிலக்கடலையை ஃபூல் சூடானி என்றும் சொல்வார்கள். எழுதித் தருபவரிடம் இவை விடுபடவில்லையா என்று சரிபாருங்கள். நாலைந்து பிரதிகள் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அட்டை கவுண்டரில் நின்றுவிடக்கூடாது. பில்லோடு சேர்ந்து அடுப்பு வரைக்கும் போக வேண்டும். வாசகம் சுருக்கமாக இருக்கட்டும்:

"இந்தக் குழந்தை நிலக்கடலை, இறால், நண்டு ஆகியவற்றைச் சிறிதளவு உண்டாலும் உயிருக்கு ஆபத்து. இவை பட்ட எண்ணெய், கல், கரண்டி, கையுறை எதையும் பயன்படுத்தாமல் சமைக்க முடியுமா? உறுதியாகத் தெரியாவிட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். நாங்கள் வருத்தப்பட மாட்டோம்."