வங்கிக் கருமபீடத்தில் காப்புறுதி விற்கிறார்கள்: அம்மா எப்படி மறுப்பது?

தலவாக்கலை மகள் கேட்கிறார்:

என் அம்மாவுக்கு வயது 57. தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் 32 ஆண்டுகள் கொழுந்து பறித்துவிட்டு நின்றுவிட்டார். அண்மையில் அவருடைய ஊழியர் சேமலாப நிதி வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து, இரண்டாயிரம் மூவாயிரம் எடுப்பதற்காக அவர் நகரத்துக் கிளைக்குப் போகும் ஒவ்வொரு முறையும், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னரே காப்புறுதித் திட்டமொன்றைப் பற்றிய பேச்சுத் தொடங்கிவிடுகிறது. போன வாரம் நான் உடன் போகவில்லை. ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவமொன்றில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்; மாதம் 6,000 ரூபாய் கணக்கிலிருந்து கழியுமாம். அம்மாவோ அதை நிலையான வைப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை என்று கேட்டேன். "அவங்க படிச்சவங்க, நம்ம நல்லதுக்குத்தானே சொல்றாங்க" என்றார். தோட்டத்து அலுவலக ஜன்னலுக்கு வெளியே நின்று, உள்ளேயிருந்து எது சொன்னாலும் "சரிங்க" என்று தலையாட்டியே பழகியவர் அவர். வங்கியின் கண்ணாடிக்கு முன்னாலும் அதே "சரிங்க" தான் வாயில் வருகிறது. கையெழுத்திட்டதை இரத்துச் செய்ய முடியுமா? இனிமேல் இதை எப்படித் தவிர்ப்பது?

பழைய காசாளர் (பண்டாரவளை):

மகள், நான் வங்கியொன்றில் 27 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வுபெற்றவன். முதலில் அவசரமான விடயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆயுள் காப்புறுதியில், பத்திரம் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் அது வேண்டாம் என்று எழுத்தில் அறிவித்துத் திரும்ப ஒப்படைக்கலாம். மருத்துவப் பரிசோதனை போன்ற சில செலவுகளைக் கழித்துக்கொண்டு மிகுதியைத் திருப்பித் தருவார்கள். அந்தக் காலம் கடந்துவிட்டால் நிலைமை வேறு: முதல் சில ஆண்டுகளுக்குள் கட்டுவதை நிறுத்தினால் பெரும்பாலும் கைக்கு ஒன்றும் வராது.

இங்கே நம் மலைநாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) வரும் கடிதங்கள் தோட்ட அலுவலகத்தில் தங்கித் தங்கித்தான் வீடு வந்து சேர்கின்றன. ஆகவே பத்திரம் வந்ததும், கைக்குக் கிடைத்த திகதியை உறையின் மேலேயே எழுதி, தபால் முத்திரையோடு அந்த உறையைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு நாள் கணக்கில் தகராறு வந்தால் அதுதான் உங்கள் சாட்சி. ஆனால் பத்திரம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நாளைக்கே கிளைக்குப் போய், இரத்துக் கடிதத்தின் ஒரு பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். அதே நேரத்தில், மாதந்தோறும் கணக்கிலிருந்து கழிப்பதற்குக் கொடுத்த கட்டளையையும் தனிக் கடிதமொன்றால் நிறுத்துங்கள். பலர் காப்புறுதியை இரத்துச் செய்துவிட்டு இந்தக் கட்டளையை மறந்துவிடுவார்கள்.

வைப்பும் காப்புறுதியும் ஒன்றல்ல என்பதை அம்மாவுக்கு நன்றாக விளக்குங்கள். உரிமம் பெற்ற வங்கியில் உள்ள வைப்புக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை, வங்கி முறிந்தால் வைப்பாளருக்குப் பணம் தரும் வைப்புக் காப்புறுதித் திட்டத்தின் பாதுகாப்பு உண்டு. காப்புறுதிக்குக் கட்டும் கட்டுப்பணம் அந்தத் திட்டத்துக்குள் வராது. அத்துடன் 57 வயதில் எடுக்கும் ஆயுள் காப்புறுதியில், கட்டும் பணத்தில் கணிசமான பகுதி அந்த வயதுக்குரிய ஆபத்துக்கே போய்விடும். சம்பளம் நின்றுபோன ஒருவரிடம் மாதம் 6,000 ரூபாய் கேட்பது நியாயமான யோசனையாக எனக்குப் படவில்லை.

படிவம் தமிழில் வேண்டும் என்று கேட்கத் தயங்கவே வேண்டாம். அது அவருடைய உரிமை. வாடிக்கையாளரை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு இலங்கை மத்திய வங்கியின் 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. முதலில் வங்கிக்கே எழுத்தில் முறையிடுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்குப் போகலாம். தொலைபேசி இலக்கம் 1935.

கண்ணாடிக்கு உள்ளே இருப்பவள் (நுவரெலியா):

நானும் ஒரு கருமபீடத்தில்தான் வேலை செய்கிறேன். ஐயா சொன்னவை சரியானவை, ஆனால் உள்ளே இருப்பவரின் நிலையையும் சொல்ல வேண்டும். மாதத்துக்கு இத்தனை காப்புறுதி, இத்தனை அட்டை என்று எங்களுக்கு இலக்கு இருக்கிறது. அதை எட்டாதவரின் பெயர் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படும். அதற்காக ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதை நான் ஒருபோதும் நியாயப்படுத்த மாட்டேன்.

"வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்", "அடுத்த மாதம் பார்ப்போம்" என்பவை வெளியே மரியாதையான மறுப்புகள். உள்ளேயோ அவை "பின்னர் அழைக்க வேண்டியவர்" என்ற பட்டியலில் தொலைபேசி இலக்கத்தோடு ஏறிவிடும். ஆகவே அம்மா, பணம் எடுக்கும் படிவத்தை நீட்டும்போதே, நாங்கள் வாய் திறப்பதற்கு முன்னர், "இன்றைக்குப் பணம் மட்டும் எடுக்க வந்தேன், வேறொன்றும் வேண்டாம்" என்று சொல்லட்டும். காரணம் சொல்ல வேண்டாம். காரணம் சொன்னால் அதற்குப் பதில் சொல்லத்தான் எங்களைப் பயிற்றுவித்திருக்கிறார்கள். காசு இல்லை என்றால் சிறிய தவணை இருக்கிறது என்போம், வயதாகிவிட்டது என்றால் பேரப்பிள்ளையின் பெயரில் போடலாம் என்போம். வெறும் "வேண்டாம்" என்ற சொல்லுக்கு எங்களிடம் பதிலே இல்லை.

இன்னொன்று: தோட்டங்களில் சம்பளம் போடும் பத்தாம் திகதியை ஒட்டிய நாட்களில் வந்தால், வெளியே வரிசை நீளமாக இருப்பதால் பேசுவதற்கு எங்களுக்கே நேரம் இருக்காது. (இதை நான் சொன்னதாக யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.)

அட்டன் அண்ணன்:

காப்புறுதி என்றாலே ஏமாற்று என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம், தங்கச்சி. என் மைத்துனர் மண்சரிவில் இறந்தபோது, அவர் எடுத்துவைத்திருந்த சிறிய காப்புறுதிதான் பிள்ளைகளின் படிப்பைக் காப்பாற்றியது. அவருக்கு அப்போது 34 வயது, உழைத்துக்கொண்டிருந்த மனிதர். தேவை இருந்தால் உங்கள் பெயரில் நீங்களே விசாரித்து, இரண்டு மூன்று நிறுவனங்களை ஒப்பிட்டு எடுங்கள்.

தலவாக்கலை மகள்:

மூவருக்கும் நன்றி. நேற்று அம்மாவோடு போய் இரண்டு கடிதங்களையும் கொடுத்துப் பிரதிகளில் முத்திரை வாங்கிவிட்டேன். முகாமையாளர் முகத்தைச் சுளித்தாலும் மறுக்கவில்லை. பத்திரம் இன்னும் வந்து சேராததால், எங்கள் பெயருக்கு உறை ஏதும் வந்தால் அன்றைக்கே சொல்லும்படி தோட்ட அலுவலகத்தில் சொல்லிவைத்திருக்கிறேன். அக்கா சொல்லித்தந்த வாக்கியத்தை அம்மா பேருந்தில் வரும்போதே நான்கைந்து முறை சொல்லிப் பார்த்தார். கடைசியில் "வேறொன்றும் வேண்டாம்" என்பதற்குப் பின்னால் "சாமி" என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டார். அதை மட்டும் நான் திருத்தவில்லை.