இரண்டு பேர், நெடுந்தூரம்: நாலு வண்டி ஓட்டிப் பார்த்தும் குழப்பம் தீரவில்லை

வைகைக்கரை220 (மதுரை):

வணக்கம். 2011-ல் வாங்கிய பல்சர் 220 இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மீட்டர் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு 46 ஆகிவிட்டது, மகளும் வேலைக்குப் போய்விட்டாள். போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வீட்டில், “இப்ப வாங்காம, முட்டி தேஞ்சதுக்கு அப்புறம் வாங்கியா ஓட்டப் போறீங்க?” என்று கேட்டார். அனுமதி கிடைத்த மாதிரிதான். ஆன்ரோடு, அதாவது வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து, பதிமூன்று லட்சம். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது.

எங்கள் ஓட்டம் இது: மாதம் ஒருமுறை சென்னை, அதாவது போக மட்டும் 460 கிலோமீட்டர். வருடத்துக்கு இரண்டு தடவை போடிமெட்டு ஏறி மூணாறு. மனசு சரியில்லை என்றால் தனுஷ்கோடி. எல்லாவற்றிலும் பின்னால் மனைவி, கூடவே இரண்டு பை. என் உயரம் 5 அடி 6 அங்குலம்.

மூன்று சனிக்கிழமைகள் சென்னைக்கும் கோவைக்கும் அலைந்து நாலு வண்டி ஓட்டினேன்.

முதலில் கவாஸாகி நிஞ்ஜா 650. சீட் 790 மி.மீ., உட்கார்ந்ததும் இரண்டு காலும் தட்டையாகத் தரையில். 196 கிலோ என்று காகிதத்தில் இருந்தாலும் நகர்ந்த பிறகு அந்தக் கனம் தெரியவே இல்லை. 220-லிருந்து இறங்கி இதில் ஏறினால் பழகிய வீட்டில் வேறு அறைக்குள் போன மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். நல்ல வண்டி. ஆனால் இறங்கி வந்த பிறகு அன்று ராத்திரி அதைப் பற்றி நான் நினைக்கவில்லை.

அடுத்தது சுசூகி ஜிஎஸ்எக்ஸ்-8ஆர். இதைத்தான் அன்று ராத்திரி முழுக்க நினைத்தேன். 776 சிசி, இரண்டு சிலிண்டர்தான், ஆனால் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு 270 டிகிரி கோணத்தில் இருப்பதால் சத்தம் சீராக வராமல் தட்டித் தட்டி வருகிறது, நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் தவில் உட்கார்ந்த மாதிரி. மூன்றாவது கியரில் 40-ல் போய்க்கொண்டிருந்து அப்படியே திருகினேன். எந்த முனகலும் இல்லாமல் இழுத்தது. இழுவிசை 78 நியூட்டன் மீட்டர் என்பதைப் படித்தபோது அது எனக்கு வெறும் எண். கியர் ஏற்ற, இறக்க கிளட்சைத் தொடவே வேண்டாம். நாற்பத்தாறு வயது ஆள் ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது நிஞ்ஜா 1100எஸ்எக்ஸ். பட்ஜெட்டில் வராது என்று தெரிந்தே பேராசைக்கு ஓட்டினேன். சாலையில் ராஜா. ஷோரூம் வாசலில் பின்பக்கமாக நகர்த்தச் சொன்னார்கள். 238 கிலோ. அங்கேயே விட்டுவிட்டேன்.

கடைசியாக ட்ரையம்ஃப் டைகர் ஸ்போர்ட் 660. மூன்று சிலிண்டர், தையல் மிஷின் மாதிரி வழவழப்பு. நிமிர்ந்து உட்காரலாம். முன்கண்ணாடியை ஓட்டிக்கொண்டே ஒரு கையால் ஏற்றி இறக்கலாம். பாம்பன் பாலத்துக் காற்றை வாங்கியவர்களுக்கு அதன் அருமை புரியும். பக்கப்பெட்டி மாட்டும் இடம் வண்டியோடேயே வருகிறது. சிக்கல் ஒன்றுதான்: சீட் 835 மி.மீ. எனக்கு முன்பாதம்தான் தரையில் படுகிறது, குதிகால் அந்தரத்தில்.

இதில் முக்கியமான விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. நாலு வண்டியிலும் மனைவி ஏறவே இல்லை. ஒரு ஷோரூமில், பெயர் வேண்டாம், “மேடம் உட்கார முடியாது சார், இன்சூரன்ஸ் பிரச்சனை” என்று சொல்லிவிட்டு அவர்களுடைய பையன் ஒருவனைப் பின்னால் ஏற்றினார்கள். இரண்டு கிலோமீட்டர், இரண்டு சிக்னல், ஒரு யூ-டர்ன். அந்தப் பையன் வழி முழுக்க போனில் பேசிக்கொண்டே வந்தான். பத்து லட்ச ரூபாய் சாமானை இப்படித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. புடவை எடுக்கப் போனால் இதைவிட அதிகம் விரித்துக் காட்டுவார்கள்.

எனக்கு 8ஆர் மேல் ஆசை. புத்தி டைகர் என்கிறது. கையில் இருக்கும் காசு நிஞ்ஜா 650 போதும் என்கிறது. இவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு பேராக ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி_ட்வின்:

அண்ணே, ஆறு வருஷமாக நிஞ்ஜா 650 வைத்திருக்கிறேன். தனியாளுக்கு இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு நிம்மதி கிடைக்காது. பின் டயர் 160 மி.மீ. அகலம்தான், 8ஆரிலும் டைகரிலும் 180. டயர் மாற்றும்போது பையில் வித்தியாசம் தெரியும், மலையிலும் சட்டென்று சாயும்.

இரண்டு பேர் கதை வேறு. என் வீட்டில் இப்போது நடைமுறை என்னவென்றால், அவர் ரயிலில் வந்துவிடுவார், நான் வண்டியில் போய் ஸ்டேஷனில் கூட்டிக்கொள்வேன். சண்டை இல்லை, சுமுகமான ஏற்பாடு. உங்களுக்கு அது சரி என்றால் 650-யோ 8ஆரோ எதையும் எடுங்கள்.

8ஆரில் இன்னொன்றைப் பாருங்கள். டேங்க் 14 லிட்டர். டைகரில் 17.2. சென்னை போகிறவருக்கு அந்த மூன்று லிட்டர், விழுப்புரம் பக்கம் பங்க் தேடுவதா வேண்டாமா என்கிற கணக்கு.

என் பெரியப்பா மகன் டைகர் ஸ்போர்ட் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆழியார் வரைக்கும் போய், மலையும் கொஞ்சம் ஏறிப் பார்க்கலாம். பெட்ரோல் உங்களுடையது, இளநீர் என்னுடையது.

பின்சீட்டு_அக்கா (திருச்சி):

இங்கே எல்லாரும் ஓட்டுகிறவர்கள். பதினெட்டு வருஷமாகப் பின்னால் உட்கார்ந்து வருகிறவள் என்கிற தகுதியில் நான் பேசுகிறேன்.

பின்சீட்டை மெத்தையை அமுக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் தம்பி. கால் வைக்கும் இடம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் அது மேலே தூக்கி இருக்கும், சீட்டும் மேலே இருக்கும். முட்டி மடங்கி, குத்தவைத்து உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். அப்படி அம்மிக்கு முன்னால் அரை மணி உட்காரலாம், ஆறு மணி நேரம் முடியாது. அடுத்தது பிடிமானம். பக்கத்தில் கம்பி இல்லாத வண்டியில் நீங்கள் ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் எங்கள் ஹெல்மெட் உங்கள் ஹெல்மெட்டில் இடிக்கும். நூறாவது இடியில் நாங்கள் பேசுவதை நிறுத்திவிடுவோம். அது களைப்பு என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள்.

காற்று பற்றியும் ஒன்று. ஓட்டுகிறவருக்கு முன்னால் கண்ணாடி இருக்கிறது, பின்னால் உயரமாக உட்காருகிறவருக்கு உங்கள் தலை தாண்டி வரும் காற்று நேராக நெஞ்சில்.

ஐந்து நிமிஷத்தில் இது எதுவும் தெரியாது. நாற்பது நிமிஷமாவது உட்கார வையுங்கள், வீட்டுக்கு வந்து அன்று ஒன்றும் கேட்காதீர்கள். மறுநாள் காலையில் எழுந்து இடுப்பைப் பிடிக்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.

ஓசூர்க்காரன்:

எங்கள் ஊர் தயாரிப்பு என்பதற்காகச் சொல்லவில்லை (அதற்காகவும்தான்). டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310-ஐப் பற்றி ஏன் யாருமே பேசவில்லை? 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேலே போனால் 40. அது முன்பு செஸ்ஸும் சேர்த்து 31-ஆக இருந்தது. தமிழ்நாட்டில் சாலை வரி 12 சதவீதம் வேறு. ஆகப் பெரிய வண்டி வாங்குகிறவர் அரசாங்கத்துக்கும் ஒரு சின்ன வண்டி வாங்கிக் கொடுக்கிறார். அப்பாச்சியின் 38 குதிரைத்திறன் நம் சாலைக்குத் தாராளம். மிச்சக் காசில் பத்து வருஷம் பெட்ரோல் போடலாம்.

பொள்ளாச்சி_ட்வின்:

@ஓசூர்க்காரன் கணக்கு சரி தல. ஆனால் அவர் 220 வைத்துக்கொண்டு பதினாலு வருஷம் பொறுமையாக இருந்தவர். இன்னும் எவ்வளவு பொறுமையைக் கேட்பீர்கள்?

வைகைக்கரை220:

எல்லாருக்கும் நன்றி. பொள்ளாச்சித் தம்பி அழைத்த மாதிரியே ஞாயிற்றுக்கிழமை போனோம். இரண்டு வண்டிகள், தம்பியின் நிஞ்ஜாவும் அவர் அண்ணனின் டைகரும்.

போகும்போது நிஞ்ஜா. பொள்ளாச்சியிலிருந்து ஆழியார் வரைக்கும் புளியமர நிழலில் எனக்கு ஒரே குஷி. அணை தாண்டியதும் வண்டியை நிறுத்தினேன். மனைவி இறங்கி, ஒன்றும் சொல்லாமல் ஒரு காலை மட்டும் உதறிக்கொண்டு நின்றார். அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

மலைக்கு டைகர். வால்பாறைக்கு மொத்தம் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், நாங்கள் ஒன்பதாவதோடு, லோம்ஸ் வியூவில் நிறுத்திக்கொண்டோம். கிளம்பும் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும் குமிழைக் கையாலேயே நாலு சுற்று சுற்றி பின் ஸ்பிரிங்கை இரண்டு ஆளுக்கு ஏற்ற மாதிரி இறுக்கினார் அந்த அண்ணன். ஸ்பேனர் இல்லை, கரி படிந்த கை இல்லை. மூன்றாவது வளைவில் எதிரே அரசுப் பேருந்து முழு அகலத்தில் இறங்கி வந்தது. முதல் கியரில் ஓரமாக நின்று, அது போனதும் அரை கிளட்சில் எடுத்தேன். இன்ஜின் திக்கவில்லை. பின்னாலிருந்து, “அந்தப் பழைய வண்டின்னா இந்நேரம் நான் எறங்கி நடந்திருப்பேன்” என்று குரல் வந்தது. ஒன்பதாவது வளைவு வரைக்கும் பேச்சு நிற்கவே இல்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது வரைக்கும் போய்விட்டது.

மேலே நின்று அணையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். “எது?” “எதுல பேச முடியுதோ அது.” முடிந்தது கதை.

8ஆரை விட்டது வருத்தம்தான். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தனியாளாக இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதுதான். ஓசூர்க்காரர் கணக்கையும் வீட்டில் காட்டினேன், ரொம்ப நியாயமான மனிதர் என்று சொன்னார், அதோடு சரி.

சீட் உயரம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள்: இரண்டு பேர் ஏறியதும் வண்டி கொஞ்சம் அமுங்குகிறது, அப்போது பயமில்லை. பயம் வீட்டு வாசலில்தான். எங்கள் சந்தில் தெருவை மூன்று முறை உயர்த்திப் போட்டுவிட்டார்கள், வீடு பள்ளத்தில் இருக்கிறது. 220-ஐ தினமும் பின்பக்கமாக ஏற்றி வெளியே எடுக்கிறேன், அது 150 கிலோ சொச்சம். டைகர் 206. அந்தச் சரிவில், குதிகால் படாமல், பின்னோக்கி. ஓட்டிப் பார்த்த எந்தச் சாலையிலும் இந்தப் பரீட்சை வரவில்லை.

ஒரு ராத்திரி 220-இன் பின்சீட்டில் அரிசி மூட்டையை வைத்துக் கட்டி இழுத்துப் பார்த்தேன். இரண்டாவது முயற்சியில் வண்டி என்னை இழுத்துக்கொண்டு போய் துளசி மாடத்தில் சாய்ந்தது. மாடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் மறுநாள் வரைக்கும் பாட்டு.

கொத்தனாரைக் கூப்பிட்டேன். முன்வாசலை அரை அடி உயர்த்தி, சரிவை நீளமாக்கி, வண்டியைத் தெருவைப் பார்த்த மாதிரி திருப்பி நிறுத்த இடம் விட்டுக் கட்டுகிறார். மூன்று மூட்டை சிமெண்ட், இரண்டு நாள் கூலி. ஆன்ரோடு விலையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஷோரூமில் யாரும் சொல்ல மாட்டார்கள். வண்டிக்கு நேற்று முன்பணம் கட்டியாகிவிட்டது, நிறம் அவர் தேர்வு.

இப்போது வாசலில் சாக்கு நனைத்துப் போட்டிருக்கிறது. ஒரு வாரத்துக்கு 220 தெருவில்தான் நிற்க வேண்டும். எதிர்வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டார், அதை எவ்வளவுக்குக் கொடுப்பீர்கள் என்று.