நம்ம வீட்டுக் குழு: நாளைக்குக் கொத்து வேலைப் பரீட்சை

அம்மா: தம்பிக்கு நாளைக்குச் செய்முறைத் தேர்வு. மூலைச் சுவர், ஒரு கல் கனம், பத்து வரி. இன்னைக்குப் பழகிக் கட்டினதை இடிச்சுடச் சொல்லிட்டாங்களாம். போட்டோ பாருங்க மாமா

சித்தப்பா: சுவரா, வளைஞ்ச வில்லா 😄

அத்தை: உன் மொட்டைமாடிச் சுவருக்கு இது தேவலை

பெரியப்பா: ஏழாவது வரியில துருத்தின கல்லை, கலவை இறுகினதுக்கு அப்புறம் கரண்டிப் பிடியால தட்டி உள்ளே தள்ளியிருக்கான். அடியில மயிரிழைக் கோடு தெரியுது பாருங்க, அங்கே பிடி விட்டுப்போச்சு. கல்லை எடுத்து, பழைய கலவையைச் சுரண்டிட்டு, புதுசு போட்டுத்தான் வைக்கணும். கல்லை நனைச்சியாடா?

தம்பி: இல்ல பெரியப்பா

பெரியப்பா: அதான். காய்ஞ்ச கல் கலவைத் தண்ணியை உறிஞ்சிடும். குமிழி விடறது நிக்கிற வரைக்கும் ஊறட்டும். மேல் ஈரம் வடிஞ்சதும் வை.

அத்தை: எலக்ட்ரீசியன் படிக்கச் சொன்னேன் அப்பவே

அம்மா: இப்ப எதுக்கு அண்ணி அது

சித்தப்பா: கலவை சிமெண்டுக்கு மணல் 1:4 தானே?

பெரியப்பா: அது அரைக்கல் சுவருக்கு. இதுக்கு 1:6 போதும். தாள்ல வேற அளவு கொடுத்தா அதுதான். நிறம் ஒண்ணாகுற வரை உலர்வாவே புரட்டிட்டுத் தண்ணி விடு. இறுகிப்போனதுல திரும்பத் தண்ணி ஊத்திக் குழைக்காதே.
மூலைக்கு ஒரு பக்கம் 60 செ.மீ., மறுபக்கம் 80 செ.மீ. குறிச்சுக்கோ. குறுக்கே சரியா 1 மீட்டர் வரணும்.
குறுக்குக்கல் வரியில, அதான் கல்லோட சின்ன முகம் வெளியே தெரியற வரியில, மூலைக்கல்லை ஒட்டி குயின் குளோசர், நீளவாக்குல பாதியா வெட்டின கல், வை. மறந்தா செங்குத்து இணைப்பு ஒண்ணுக்கு மேல ஒண்ணா நேரா வந்துடும்.

தம்பி: தூக்குக்குண்டு?

பெரியப்பா: மூணு வரிக்கு ஒரு தடவை. குண்டு நூல்ல கோத்திருக்கிற கட்டையைச் சுவரோட மேல்பக்கம் ஒட்டிப் பிடி. குண்டு விலகித் தொங்கினா மேல்பக்கம் வெளியே சாயுது. சுவர்ல படுத்தா உள்ளே போகுது. லேசா உரசினா சரி.

நான்: காலையில வண்டி யாரு எடுக்கறது?

அத்தை: 🙄

சித்தப்பா: எனக்கு வேலை இருக்கு. என் ரசமட்டத்தை வேணா எடுத்துட்டுப் போகட்டும்

பெரியப்பா: முதல்ல அதைச் சோதி. ஒரு இடத்துல வச்சுப் பார்த்துட்டு, அதே இடத்துல தலைமாத்தித் திருப்பி வை. குமிழி அதே பக்கம் நிக்கணும்.

சித்தப்பா: இருங்க

சித்தப்பா: நகருதுண்ணே

அத்தை: மாடிச் சுவர் கதை இப்பத்தான் விளங்குது 😂😂

அம்மா: வண்டிக்கு யாரும் பதில் சொல்லலையே