மதுரை செல்லூர் மொட்டை மாடித் திரையிடல்: புதுப்பிப்பு

மாடியில் படம் போடப்போகிறோம், திரைத்துணியும் ஸ்பீக்கரும் வேண்டும் என்று போன வாரம் கேட்டிருந்தேன். இரண்டுமே கிடைத்துவிட்டன. எங்கள் தெரு நெசவாளர் ஒருவர் வெள்ளைத் துணியை இரண்டு அகலம் சேர்த்துத் தைத்தே கொடுத்துவிட்டார். அடியில் மூங்கில் கழி கோத்துச் செங்கல் கட்டியதால், ஆற்றுக்காற்றுக்கும் ஆடவில்லை.

போட்டது பாலு மகேந்திராவின் 'வீடு', 1988இல் வந்தது; சொந்த வீடு கட்டப் பாடுபடும் ஒரு பெண்ணின் கதை. பாட்டே இல்லாத படத்துக்குச் சனம் உட்காருமா என்று சிலர் கேட்டீர்கள். உட்கார்ந்தார்கள், கடைசிவரை! காண்ட்ராக்டர் சிமெண்ட் மூட்டையை வெளியே விற்பது தெரியவரும் இடத்தில், முன்னால் இருந்த கொத்தனார் அண்ணன், "கலவையைத் தொட்டாலே தெரியுமேப்பா" என்று சத்தமாகவே சொன்னார். தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் குடையோடு கட்டி முடியாத வீட்டைப் பார்க்க வரும்போது யாரும் பேசவில்லை. நாயகி அர்ச்சனாவுக்குத் தேசிய விருது சும்மா கொடுக்கவில்லை என்பது அன்று நன்றாகவே புரிந்தது.

அப்புறம் பேச்சு தங்கம் தியேட்டர் பக்கம் போய்விட்டது. 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த அரங்கம் அது. இடித்துவிட்டார்கள் என்பதை அப்பத்தா ஒருவரால் இன்னும் தாங்க முடியவில்லை. அவர் பேசியதைப் பதிவு செய்து வைத்திருக்கிறோம், எழுத்தாக்க ஆள் வேண்டும்.

அடுத்த மாதமும் உண்டு. பெண்கள் கேட்டபடி ஏழு மணிக்குப் பதில் ஆறரைக்கே தொடங்குகிறோம். பாய் மட்டும் கொண்டு வாருங்கள்.